சர்க்கரைக்குப் புத்தகம் உண்டு, படபடப்புக்கு?



கையில் அரிவாள் பட்டால் டிரெசரிடம் ஓடுகிறோம். காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போகிறோம். சர்க்கரை, இரத்த அழுத்தம் என்றால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குறித்த தேதியில் போய் வரிசையில் உட்காருகிறோம். ஆனால், "மனசு ஒரு மாதிரியா இருக்கு, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, காரணமில்லாமப் பயமா இருக்கு" என்று சொல்ல வேண்டி வந்தால் மட்டும் நமக்கு வாய் அடைத்துப் போகிறது. சொன்னால் "தஞ்சோங் ரம்புத்தான் கேசு" என்று பேர் வைத்துவிடுவார்களே என்ற பயம். பேராக்கில் 1911-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனை எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது. நாமோ அந்த ஊரின் பேரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

இந்த இதழில் நாம் பேசப்போவது பைத்தியத்தைப் பற்றி இல்லை. பதற்ற நோயைப் பற்றி. கவலை எல்லோருக்கும் உண்டு. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வயதாகி வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற நினைப்பு, இவையெல்லாம் நோயாகாது. ஆனால் அந்தக் கவலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டு, தூக்கத்தைக் கெடுத்து, சாப்பாட்டைக் கெடுத்து, வேலைக்குப் போகவிடாமல் செய்தால் அதற்கு வைத்தியம் வேண்டும். சிலருக்கு அது திடீரென்று அடிக்கும். நெஞ்சு துடிக்கும், மூச்சு அடைக்கும், வேர்த்துக் கொட்டும், விரல் நுனியெல்லாம் மரத்துப் போகும், "இதோ செத்தேன்" என்று தோன்றும். பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஆபத்து வந்தால் ஓடுவதற்கு உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு அது. புலியைக் கண்டால் வேலை செய்ய வேண்டிய அந்த ஏற்பாடு, புலி இல்லாதபோதே வேலை செய்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சுவலி முதல்முறையாக வந்தால், அதுவும் நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரையோ புகைப் பழக்கமோ இருந்தால், "இது வெறும் படபடப்பு" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இருதயப் படம் எடுத்துப் பாருங்கள். தைராய்டு சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மருந்தடிக்கும் வேலை செய்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில பூச்சிக்கொல்லிகள் உடம்பில் ஏறினால் நடுக்கம், வேர்வை, பதற்றம் எல்லாம் வரும். "என்ன வேலை செய்றீங்க?" என்று டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்வோம்.

சரி, சோதித்துப் பார்த்தாயிற்று. இருதயம் நன்றாக இருக்கிறது, இரத்தமும் நன்றாக இருக்கிறது. பிறகு என்ன நடக்கிறது? நமது சண்டையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ன தோட்டம், இன்ன ஆள் என்று இல்லை. எந்தத் தோட்டத்திலும் இப்படி ஒருவரைக் காணலாம். ஒருநாள் உச்சி வெயிலில், காட்டுக்குள் தனியாக இருக்கும்போது அவருக்கு இந்தப் படபடப்பு அடிக்கிறது. மண்டோர் லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார். கிளினிக்கில் டாக்டர் பார்க்கிறார். வெளியே இன்னும் அறுபது பேர் காத்திருக்கிறார்கள். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான். கவலைப்படாதீங்க" என்று சொல்லிச் சில மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார். டாக்டர் மேல் குற்றம் இல்லை. ஐந்து நிமிஷத்தில் அவர் வேறென்ன செய்வார்? ஆனால் "கவலைப்படாதே" என்பது வைத்தியமா? கால் ஒடிந்தவனிடம் "நொண்டாதே" என்று சொல்வதைப் போலத்தான் அது.

அம்மா வீட்டுக்கு வருகிறார். மறுபடியும் அந்தக் காட்டுக்குப் போகப் பயம். பக்கத்துக் காட்டுக்கு மாற்றிக் கேட்கிறார். கொஞ்ச நாளில் பஸ்ஸில் ஏறப் பயம், பிறகு கடைத்தெருவுக்குப் போகப் பயம். பயந்த இடத்தை விட்டு விலகி ஓட ஓட, பயம் அடுத்த இடத்துக்கும் பரவும். அதுதான் இந்த நோயின் குணம். வீட்டில் மாமியார் "காத்து கருப்பு பட்டிருக்கு" என்கிறார். முனீஸ்வரர் கோயிலில் கயிறு கட்டுகிறார்கள். (கட்டட்டும், அதனால் கெடுதல் இல்லை. கயிறு கட்டினோம் என்று கிளினிக்கை விட்டுவிடுவதுதான் கெடுதல்.) ஆண்பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் வேறு மருந்து தேடிப் போவார். "ரெண்டு கிளாஸ் போட்டாத்தான் கை நடுக்கம் நிக்குது" என்று சொல்கிறவரை நீங்கள் பார்த்ததில்லையா? அவரை எல்லோரும் குடிகாரன் என்கிறோம். அவர் எதற்குக் குடிக்கிறார் என்று கேட்டவர் யார்?

டாக்டர் கொடுத்த மாத்திரையின் கதையும் இதே மாதிரிதான். பதற்றத்துக்கு இரண்டு வகை மாத்திரைகள் உண்டு. டயஸபாம், அல்பிரஸோலாம் போன்றவை அன்றைக்கே அடக்கும். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். அதோடு சம்சுவோ பீரோ சேர்ந்தால் மூச்சே நின்று போகலாம். செர்ட்ராலின் போன்ற மற்ற வகை, பழக்கமாக்கி அடிமையாக்காது. ஆனால் பலன் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை பிடிக்கும். அதைவிட முக்கியம், முதல் ஒரு வாரம் பத்து நாளைக்குப் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நம் ஆள் என்ன செய்வார்? "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல" என்று நாலாவது நாளே கால்வாயில் கொட்டிவிடுவார். பலன் வருவதற்குள் வைத்தியம் முடிந்துபோகும். கிளினிக்குக்கு அது தெரியவே தெரியாது. அவர் மறுபடி வரவில்லை என்றால் குணமாகிவிட்டார் என்றுதானே நினைத்துக்கொள்வார்கள்?

இப்போது சர்க்கரை நோயாளியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. அடுத்த தேதி எழுதியிருக்கிறது. போன தடவை எண் எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று இருக்கிறது. மிஸ்ஸி "ஏன் போன மாசம் வரல?" என்று அதட்டுகிறார். எண் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுகிறார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நிபுணரிடம் அனுப்புகிறார்கள். பதற்ற நோயாளிக்கு மட்டும் புத்தகமும் இல்லை, தேதியும் இல்லை, எண்ணும் இல்லை, அதட்டுவதற்கு ஒரு மிஸ்ஸியும் இல்லை என்றால் என்ன நியாயம்?

பொது டாக்டரின் கிளினிக்கிலேயே இந்தப் புத்தக முறையைப் பதற்றத்துக்கும் கொண்டுவருவதைத்தான் மருத்துவ உலகில் கூட்டுப் பராமரிப்பு என்று சொல்கிறார்கள். வார்த்தை பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்ப்பது, அவ்வளவே. நமது வழக்கமான டாக்டர் ஒருவர். பயிற்சி பெற்ற ஒரு நர்சோ உதவியாளரோ ஒருவர். இவர்தான் நோயாளியை வாரா வாரம் பார்க்கிறார் அல்லது போனில் கூப்பிடுகிறார், கேள்வி கேட்டு எண் எழுதுகிறார், பயத்தை எதிர்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறார். மூன்றாமவர் மனநல டாக்டர். அவர் எல்லா நோயாளியையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை. உதவியாளரின் பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்து, யாருக்கு எண் இறங்கவில்லையோ அவருக்கு என்ன மாற்றலாம் என்று டாக்டருக்கு யோசனை சொல்கிறார். நாடெங்கும் மனநல டாக்டர்கள் குறைவாக இருக்கும்போது, ஒரு மனநல டாக்டரின் மூளையைப் பத்து கிளினிக்குக்குப் பங்கிட்டுக் கொடுக்க இதைவிட நல்ல வழி ஏது?

"பதற்றத்துக்கு எண்ணா?" என்று கேட்பீர்கள். உண்டு. 2006-இல் வெளிவந்த ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் இன்று உலகெங்கும் புழங்குகிறது. அதில் முதல் இரண்டே போதும் ஓரளவு தெரிந்துகொள்ள: கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக, நிலைகொள்ளாமல் இருந்ததா? கவலையை நிறுத்தவோ அடக்கவோ முடியாமல் போனதா? இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏழு கேள்விக்கும் சேர்த்து மொத்தம் 21; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரம்மாவையும் கேளுங்கள்.

அந்த உதவியாளர் என்ன சொல்லிக் கொடுப்பார்? பழம் பொறுக்கும் அம்மாவிடமே திரும்பிப் போவோம். முதல் வாரம், படபடப்பு வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது, அது ஏன் கொல்லாது என்று அவர் பாஷையில், தமிழில், எடுத்துச் சொல்வார். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால்தான் விரல் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்று காட்டி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழக்குவார். அடுத்த வாரம், அந்தக் காட்டின் ஓரம் வரை பக்கத்து வீட்டு அக்காவோடு போய் நிற்கச் சொல்வார். படபடப்பு வரட்டும், ஓடிவராமல், அது தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். அதற்கடுத்த வாரம் முதல் நெரை வரை. பிறகு அக்கா ரோட்டிலே நிற்க, இவர் மட்டும் உள்ளே. பிறகு தனியாக. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பயம் இருந்தது என்று பத்துக்கு எத்தனை என எழுதி வருவார். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமையும், "என்னாச்சு, போனீங்களா?" என்று கேட்க ஓர் ஆளும் வேண்டும். இதை டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டாக்டருக்கு நேரமும் இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நான்கு நகரங்களில், 17 பொதுக் கிளினிக்குகளில், பதற்ற நோயுள்ள 1,004 பேரிடம் இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். உதவியாளர்களில் பெரும்பாலோர் நர்சுகளும் சமூகநலப் பணியாளர்களும். மாத்திரை வேண்டுமா, பேச்சுப் பயிற்சி வேண்டுமா, இரண்டுமா என்று நோயாளியே தேர்ந்தெடுத்தார். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 100-க்கு 45 பேருக்கு நல்ல முன்னேற்றம். கூட்டுப் பராமரிப்பில் 100-க்கு 64 பேருக்கு. 2012-இல் உலகெங்கும் நடந்த 79 ஆய்வுகளை, 24,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இந்த முறை மேல் என்றே கண்டார்கள்.

"அமெரிக்காவில் பணம் இருக்கு, செய்வான்" என்பவர்களுக்கு இந்தியாவின் கோவாவைக் காட்டுவேன். அங்கே விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 24 கிளினிக்குகளில் இதே மாதிரி செய்து, 2010-இல் முடிவைச் சொன்னார்கள். உதவியாளர்கள் நர்சுகள்கூட இல்லை. மருத்துவத்தில் முன்அனுபவம் இல்லாத உள்ளூர்ப் பெண்களைச் சேர்த்து, இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அரசாங்கக் கிளினிக்குகளில் 100-க்கு 66 பேர் குணமடைந்தார்கள். அந்த உதவியாளர் இல்லாத அரசாங்கக் கிளினிக்குகளில் 100-க்கு ஏறக்குறைய 43 பேர்தான். தனியார் கிளினிக்குகளில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். குடும்பத்தைத் தெரிந்த, பேர் சொல்லிக் கூப்பிடுகிற டாக்டர் இருக்கும் இடத்தில் பாதி வேலை ஏற்கெனவே நடந்துவிடுகிறது போலும். ஆனால் நாம் போவது பெரும்பாலும் அறுபது பேர் காத்திருக்கும் கிளினிக்குக்கு. நமக்குப் பொருந்துவது முதல் கணக்குத்தான்.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வெள்ளிக்கு நாம் பார்க்கிற அரசாங்கக் கிளினிக்குகளில் மனநலக் கேள்வித்தாள் உண்டு. குடும்ப மருத்துவ நிபுணர்கள் இருக்கும் கிளினிக்குகள் உண்டு. 2015-லிருந்து மெந்தாரி என்ற சமூக மனநல மையங்கள் உண்டு. அதே 2015-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 29 பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையின் அறிகுறி இருந்ததாகவும் தெரிந்தது. ஆக, நோயும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. இரண்டையும் கட்டுகிற கயிறுதான் தோட்டத்தை எட்டவில்லை. பஸ் இல்லாத தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறவரை, இரண்டாம் முறை வரச் செய்வது யார் பொறுப்பு?

டிரெசர் யாருடைய ஆள்?

தோட்டத்தில் அந்த உதவியாளராக இருக்கக்கூடியவர் டிரெசர்தான் என்று சட்டென்று தோன்றும். தோட்ட டிரெசர்கள் 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள், நம் குடும்பங்களை அறிந்தவர்கள், நல்லவர்கள் பலர். அவர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்தால் போதும். ஆனால் ஒரு விஷயத்தைப் பூசி மெழுகக்கூடாது. டிரெசருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். ஒரு தொழிலாளி தன் மனப் பயத்தை அவரிடம் சொன்னால், மறுநாள் பெரட்டில் அது மேனேஜர் காதுக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? "இவனுக்கு மண்டை சரியில்லை, டிராக்டர் கொடுக்காதே" என்று ஒரு வார்த்தை போதுமே, ஒருவன் பிழைப்புப் போக!

ஆகையால் என் அபிப்பிராயம் இது. பேரும் எண்ணும் எழுதிய அந்தப் பட்டியல் அரசாங்கக் கிளினிக்கில் இருக்க வேண்டும். தோட்ட ஆபீசில் இருக்கக்கூடாது. வாராந்திரப் போன் கிளினிக் நர்சிடமிருந்து வர வேண்டும். டிரெசர் ஆளைக் கண்டு அனுப்பலாம், மருந்து சாப்பிட்டாரா என்று கேட்கலாம். அவரிடமும் எழுத்தில் இரகசிய உறுதி வாங்க வேண்டும். மெதுவான ஏற்பாடுதான். ஆனாலும் நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், வாய் திறக்காத நோய்க்கு எந்த முறையும் உதவாது.

சங்கத்தில் சில தோழர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள். "சம்பளம் பத்தல, வீடு சொந்தமில்ல, அதான் பதற்றம். சம்பளத்தைக் கூட்டு, தானாப் போயிரும். மாத்திரை கொடுத்து ஜனங்களை அமுக்கப் பாக்கறாங்க" என்பார்கள். இதில் பாதி உண்மை. கூலிப் போராட்டத்துக்குப் பதிலாக மாத்திரையை நீட்டினால் நாமே தூக்கி எறிவோம். ஆனால் மூன்று மாதமாகத் தூங்காமல், லயத்து வாசற்படியைத் தாண்டப் பயந்து கிடக்கிற ஒருவரிடம் "அடுத்த ஒப்பந்தம் வரட்டும், சரியாயிடும்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சம்பளத்துக்குப் போராடுவோம். அதுவரை அவர் தூங்கவும் வேண்டும்.

இன்னொன்று. பக்கத்து லயத்தில் இருக்கிற இந்தோனேசியத் தொழிலாளியும் வங்காளதேசத் தொழிலாளியும் குடும்பத்தை விட்டுக் கடனோடு வந்தவர்கள். அவர்களுக்குக் கிளினிக் கட்டணமும் நம்மைவிட அதிகம், பாஷையும் சிக்கல். நாம் கேட்கிற எதையும் அவர்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கிளைத் தலைவர்கள் இதை எப்படிக் கையில் எடுப்பது? அடுத்த செயற்குழுவில், பக்கத்து அரசாங்கக் கிளினிக்கின் பொறுப்பாளரைச் சந்திக்கத் தேதி கேளுங்கள். பதற்ற நோயாளிக்கு அடுத்த தேதி எழுதித் தருகிறீர்களா, வராதவரைக் கூப்பிடுகிறீர்களா, மனநல டாக்டரோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேச வழியிருக்கிறதா, தமிழ் பேசும் நர்சு ஒருவரை இதற்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். பணம் பெரிதாக வேண்டிய காரியம் ஒன்றும் இதில் இல்லை. நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது நோய் விடுப்பு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டர் எம்.சி. கொடுத்தால் அது காலுக்கா, மனசுக்கா என்று பார்த்து மறுக்க இடம் கொடுக்கக்கூடாது. மறுத்தால் கிளைக்கு எழுதுங்கள்.

நோயாளிக்கும் ஒரு வேலை உண்டு. இரண்டாம் தடவை போக வேண்டும். "போன தடவை கொடுத்தது ஒத்துக்கல" என்றால் அதையே போய்ச் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, அண்ணன் மாத்திரையைத் தம்பிக்குக் கொடுக்கக்கூடாது.

பதற்றம் முற்றி, "இருந்து என்ன பிரயோசனம்" என்ற நினைப்பு யாருக்காவது வந்தால் காத்திருக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து யாரையும் வீட்டுக்குள் மறைத்து வைக்கத் தேவையில்லை. பிஃபிரெண்டர்ஸ் சங்கத்தின் 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இந்த மூன்று எண்களையும் வெட்டி எடுத்து லயத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.